நாலு படியும் ஒரு பூப்பலகையும்

குவாலா சிலாங்கூர்
9 நவம்பர் 2024

கூடப் பிறக்காத அக்கா சல்மா லாத்தாவுக்குப் புனிதவதி எழுதுறது.

முதல்ல வெட்கத்தை விட்டு ஒண்ணு சொல்லிடுறேன். நேத்து உன் வீட்டுக்குள்ள நுழையப் போய் விழுந்துட்டேன். வீடு இல்லைங்கிறதை நான் கவனிக்கலை.

சிரிக்காதே. தீபாவளிக்கு நானும் எங்க வீட்டுக்காரரு முருகையாவும் கலும்பாங்ல தங்கச்சி தனேஸ்வரி வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்துட்டு வர்றோம். பஸ்ஸை விட்டு இறங்கினா கொட்டுது மழை, அவரு பஸ் ஸ்டாண்ட்லயே ஒதுங்கிட்டாரு. இடுப்புல பலாப்பழம், கையில குடை. என் வீட்டுக்குக்கூடப் போகலை, பழத்தை உனக்குக் குடுத்துட்டுப் போகலாம்னு நேரா உன் வாசலுக்கு வந்தேன். குடையை மூஞ்சிக்கு நேரா சாய்ச்சுக்கிட்டு, காலைப் பார்த்துக்கிட்டே உன் சிமெண்டுப் படியில ஏறினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. "லாத்தா, தேத்தண்ணி கலக்கு"ன்னு கத்திக்கிட்டே அஞ்சாவதா உன் வீட்டுப் பலகையில காலை வச்சேன். பலகை இல்லை.

எந்திரிச்சுப் பார்த்தா தூணுக்குக் கீழே இருந்த கல்லு பன்னிரண்டும் வரிசையா நிக்குது. ஒரு கல்லு மேல கோட்டைமலைக் குரங்கு ஒண்ணு உட்கார்ந்து என் பலாப்பழத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. முதல் வீட்டுச் செல்லையா அண்ணன் வாசல்ல நின்னுக்கிட்டு, "என்ன புனிதம், வீட்டுக்காரங்க இல்லைன்னா வெளியே நிக்கணும். இப்படி உள்ளே போய்ப் படுத்துக்கக் கூடாது"ன்னாரு. பழம் பிழைச்சுது. எனக்குத்தான் முட்டி வீங்கியிருக்கு.

அப்புறம் அவருதான் சொன்னாரு. மூணு நாள் வேலையாம், ரெண்டு லோரியாம். சுவரு சுவராக் கழட்டி ஏத்தினாங்களாம். நீ யார்கிட்டயும் வாய் திறக்கலையாம்.

உனக்குப் போன் அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். நீ என் நம்பரை புளோக் பண்ணிட்டேன்னு முருகையா சொல்றாரு. முப்பது வருஷமா என் வாயை அடைக்க அவரு என்னென்னமோ பண்ணிப் பார்த்தாரு, நீ ஒரு விரலால அடைச்சுட்டே. உன் மக ஃபராவுக்கு அடிச்சா, "உம்மா பேச மாட்டாங்க ஆன்ட்டி, சோரி லா, அட்ரஸ் வேணும்னா எழுதிக்குங்க"ன்னா. அதனாலதான் இந்தப் பேப்பர். தோட்டத்துப் பள்ளியில நாலாம் வகுப்போட நின்ன கை இது, பொறுத்துக்க.

நீ மறந்துட்ட மாதிரி இருக்கு, அதனால ஞாபகப்படுத்துறேன். ஆத்து முகத்துல நம்ம நாலு பலகை வீடு. மண்ணு அரசாங்கத்துது, வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கணும். பலகை மட்டும்தான் நம்மது. சுற்றுலா பஸ் நிறுத்த இடம் வேணும்னு நம்மளை எப்போ வேணும்னாலும் எழுப்பிக் காலி பண்ணச் சொல்லலாம். பழைய வீடுகளைப் பாதுகாக்கிற குழு வந்து, நாலும் சேர்ந்து நின்னா அது ஒரு வரிசை, வரிசை பட்டியல்ல ஏறினா யாரும் கை வைக்க முடியாதுன்னு சொன்னாங்க. நாலு. மூணு இல்லை. அன்னைக்கு நீதான் நெய்ச்சோறு ஆக்கினே. உங்க வழக்கப்படி ஒரே பெரிய தட்டுல, அந்தச் சஹன்ல, செல்லையா அண்ணன், நான், நீ, நாலாவது வீட்டுச் சின்னத்தாய், நாலு பேரும் ஒண்ணாக் கை வச்சுச் சாப்பிட்டோம். "ஒரு சஹன்ல கை வச்சவங்க ஒருத்தரை ஒருத்தர் விடக் கூடாது"ன்னு யாரு சொன்னது? நான் இல்லை. என் வாயில சோறு இருந்துச்சு.

வரிசை இப்போ பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. சின்னத்தாய் உன் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே மாட்டேங்கிறா. திறந்தா நேரா என் அடுப்பங்கரை தெரியுதாம்.

வீட்டைத் தூக்கிட்டுப் போற ஆளு வாசல்ல ஒரு சீட்டாவது வச்சுட்டுப் போகக் கூடாதா? வாசலையும் சேர்த்துத் தூக்கிட்டியே, எங்க வைப்பே.

ஏன் லாத்தா?

புனிதம்


சுங்கை பஞ்சாங்
20 நவம்பர் 2024

புனிதவதிக்கு,

கடிதம் கிடைத்தது. விழுந்ததற்கு வருத்தம். எலும்பு முறியவில்லை என்று நம்புகிறேன். முறிந்திருந்தால் அதையும் கதையாக்கி நாலு பேரைச் சிரிக்க வைத்திருப்பாய்.

வீட்டை நான் விற்கவில்லை. பிரித்து எடுத்து வந்திருக்கிறேன். ஃபராவின் மாமனார் வயலோரம் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார். அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறோம்.

சஹனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, குழுவில் இருந்து லிங்கேஸ்வரன் தம்பி என் வீட்டுக்கு வந்தார். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்து அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டார். மலாயில் இருந்ததை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மூன்றாம் வீடு. வாசலுக்கு மேலே பூ செதுக்கிய பூப்பலகை இந்த வீட்டின் பழைய பொருள் அல்ல. காப்பார் பழைய சாமான் கடையில் வாங்கப்பட்டது. மாற்றப்பட்ட வீடு. தனித் தகுதி இல்லை. வரிசை குறையாமல் இருக்க நிற்கலாம். தகவல் தந்தவர்: இரண்டாம் வீட்டு அம்மா."

பக்கத்தில் உன் கையெழுத்து. "பு"வுக்குப் பக்கத்தில் வழக்கமாகப் போடுவாயே, அந்தச் சுழி.

உங்கள் மூன்று வீட்டுக்கும் கூரை மாற்றித் தருவார்கள், வாசலில் பெயரும் வருஷமும் பதிப்பார்கள். என் வீடு சும்மா நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது ஆள் குறைகிறது என்று யாரையாவது கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்துவார்கள் இல்லையா, அப்படி. கூரை ஒழுகினாலும் என் வீட்டை நான் பிரிக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. உங்களுக்காக.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் வீட்டுக்காரர் மௌத்தாகிக் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. பாட்டனார் நாகூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பலகை என்று அவர் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. அவரைப் பொய்யர் என்று ஒரு அரசாங்கத் தாளில் ஏற்றியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்குப் பிறகும் தினமும் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டாய். நானும் கலக்கிக் கொடுத்தேன்.

நீ ஊருக்குக் கிளம்பும் வரை காத்திருந்தேன். நீ இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய் என்று பயந்தேன்.

சல்மா


குவாலா சிலாங்கூர்
27 நவம்பர் 2024

லாத்தா,

உன் கடிதத்தை முருகையா சத்தமாப் படிச்சாரு. பாதியில கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னையே பார்த்தாரு. மீதியை நானே எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டேன். அன்னையில இருந்து வீட்டுல சோறு மட்டும்தான் பேசுது.

நான் சொல்லலைன்னு எழுதிடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ரெண்டாவது வீட்டு அம்மான்னு இருக்கே, ரெண்டாவது வீட்டுல அம்மான்னு நான் ஒருத்திதான். முருகையா மேல போட முடியாது, அவருக்கு மீசை இருக்கு.

நான்தான் சொன்னேன்.

எப்படி வந்துச்சுன்னு கேளு. நீ அன்னைக்குத் தஞ்சோங் காராங் கிளினிக் போயிருந்தே. அந்தப் பையன் லிங்கேஸ்வரன் மூஞ்சி தெரியும்ல, எப்பப் பாரு பரீட்சைக்குப் போற மூஞ்சி. என் வடைக்கடைக்கு முன்னாடி பெஞ்சியில எல்லாரையும் உட்கார வச்சு எழுதிக்கிட்டு இருந்தான். செல்லையா அண்ணன் தன் தாத்தா தோட்டத்துல பெரிய கிராணி, கணக்கு எழுதுற குமாஸ்தான்னாரு. உண்மையில ஆபீஸ் கதவைத் திறந்து விடுற வேலை. சின்னத்தாய் அவ வீட்டுல வெள்ளைக்காரத் துரை வந்து அப்பம் தின்னாருன்னா. ஆளாளுக்கு அளந்து விடுறாங்க. பையன் சிரிக்கவே இல்லை. எனக்குப் பொறுக்கலை. இறால் வடைத் தட்டை நீட்டிக்கிட்டே, "அட போங்க, இந்த வரிசையில பெரிய மனுஷன் மூணாவது வீட்டுப் பூப்பலகைதான். காப்பார்ல ஏறி, எங்க வீட்டுக்காரரு லோரியில, கருவாட்டு மூட்டைக்கு நடுவுல படுத்துக்கிட்டு வந்தாரு. இறங்கினப்போ அவரு நாகூர்க்காரரு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பையனும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டான். சிரிக்கிறவன் எழுத மாட்டான்னு நான் நினைச்சுட்டேன், லாத்தா. கடைசியில எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினான், நானும் போட்டேன்.

இனிமே மறைச்சு என்ன. அஸ்லாம் பிறந்தப்போ நீ உங்கம்மா வீட்டுல நாப்பது நாள் இருந்தியே, அப்போதான். கப்பல்ல வந்த பலகை உண்மையாவே இருந்துச்சு. அதைக் கரையான் தின்னுடுச்சு. தொட்டா உதிருது. உன் மாமியார் அப்போ படுக்கையில. "உம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க முருகையா"ன்னு உன் வீட்டுக்காரரு ஹபீபுல்லா நானா எங்க வீட்டுல வந்து அழுதாரு. ரெண்டு பேரும் காப்பாருக்குப் போய்த் தேடிக் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணு பிடிச்சாங்க. மாட்டி முடிச்சதும் என் கையையும் முருகையா கையையும் சேர்த்துப் பிடிச்சு, "சல்மாவுக்குக்கூட வேணாம்"னாரு. இருபத்திரண்டு வருஷம் காப்பாத்தினேன். ஒரு வடைத் தட்டுல போச்சு.

உனக்கு இந்த விஷயம் இப்படியா தெரியணும். 

ஆனா ஒண்ணு சொல்றேன், கோபிச்சுக்க. நான் பண்ணினது வாயால. நீ பண்ணினது ரெண்டு லோரியால. நேத்துப் பையன் வந்து எண்ணிப் பார்த்துட்டு, "மூணுதான் இருக்கு, வரிசை தள்ளுபடி"ன்னு கோடு போட்டான். செல்லையா அண்ணன் உனக்கு என்ன பண்ணாரு? சின்னத்தாய் என்ன பண்ணா? அவ புருஷன் இல்லாதவ, போக்கிடம் இல்லாதவ. என்னை அடிக்கிறதுக்கு அவ கூரையை ஏன் பிடுங்கினே?

புனிதம்


சுங்கை பஞ்சாங்
8 டிசம்பர் 2024

புனிதவதிக்கு,

சின்னத்தாயைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. அந்தக் குற்றம் என்மேல் இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் நீ ஒன்றைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பலகை விஷயம் அறிக்கையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று. நாற்பது முடிந்து பிள்ளையோடு வீட்டுக்குள் வந்த அன்றே தெரியும். பலகையின் உள்பக்கம் சிவப்பு பெயிண்டில் பதினேழு என்று எழுதியிருந்தது. கடைக்காரன் போட்ட நம்பர். அவர் மேலே வெள்ளை அடித்திருந்தார். மழைக்காலம் வந்தால் சிவப்பு வெளியே வந்துவிடும். மறுபடி அடிப்பார். ஹாலில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எனக்கு நேரே அந்தப் பதினேழுதான்.

ஒருநாளும் கேட்கவில்லை. விருந்தாளி வந்தால் அவர் கப்பல் கதையை ஆரம்பிப்பார், நான் சர்பத் கொண்டுவந்து வைப்பேன். கதையில் புயல் வரும் இடத்தில் "அல்லாஹ்வே" என்பேன். தெரியாத மாதிரி இருப்பது என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன்.

எங்களில் அமானிதம் என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் நம்பி நம் கையில் விட்டுப் போன பொருள். கேட்டு வருகிறவருக்குத்தான் திருப்பித் தர வேண்டும், தெருவில் வைக்கக் கூடாது. அவர் உன் கையில் வைத்தது அது. நானும் அதையே என் பக்கத்தில் வைத்திருந்தேன். நாம் இருவரும் ஒன்றையே காத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துத்தான் உன்னை எனக்கு அவ்வளவு பிடித்தது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இப்போது ஒன்று சொல்கிறேன். சிரிப்பாய். சிரித்துக்கொள்.

வீட்டைப் பிரிக்கும்போது சுவர்களுக்கு அஸ்லாம்தான் சாக்பீஸில் நம்பர் போட்டான். வெளியே மழை, பலகை ஈரம், சாக்பீஸ் பிடிக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டு உள்பக்கம் போட்டான். இங்கே வீட்டை நிறுத்தியவர் பாக் ஹுசின் என்கிற வயதான தச்சர். அவர் வேலை முறையில் நம்பர் இருக்கிற பக்கம் எப்போதும் வெளியே வர வேண்டும். அப்படியே நிறுத்திவிட்டார். நான் சாயங்காலம் வந்து பார்த்தபோது கூரை ஏறிவிட்டது. "மார்க் சொன்ன மாதிரிதான் செய்தேன்" என்றார்.

வீடு உள்வெளியாக நிற்கிறது, புனிதம். அடுப்புக் கரி வாய்க்காலைப் பார்த்து இருக்கிறது. காலண்டர் மாட்டிய ஆணியெல்லாம் வெளியே. அவர் சாய்ந்து பேப்பர் படிப்பாரே, அந்த இடத்தில் சுவரில் தலை எண்ணெய்க் கறை வட்டமாக இருக்கும். அது இப்போது மழையில் நனைகிறது. பூப்பலகையின் பூவெல்லாம் உள்ளே திரும்பி நிற்கிறது. சிவப்புப் பதினேழு தெருவைப் பார்க்கிறது. நெல் வயலுக்குப் போகிறவர்கள் அதுதான் வீட்டு நம்பர் என்று நினைக்கிறார்கள். நேற்றுத் தபால்காரர்கூடப் பதினேழாம் நம்பர் வீட்டுத் தபாலை இங்கே போட்டுவிட்டுப் போனார்.

சல்மா


குவாலா சிலாங்கூர்
16 டிசம்பர் 2024

லாத்தா,

சிரிக்கலை. சிரிக்கணும்னு பார்த்தேன், அந்த எண்ணெய்க் கறை வந்து நின்னுக்கிச்சு. அங்க ஒரு தகரத்தை ஆணியடிச்சு மூடு. தகரம் இல்லைன்னா சொல்லு, நான் அனுப்புறேன்.

நீ தெரிஞ்சுக்கிட்டே இருந்தேன்னு படிச்சதும் எனக்கு முதல்ல வந்தது கோபம்தான். இருபத்திரண்டு வருஷம் உன் ஹாலில உட்காரும்போது மேலே பார்க்காம உட்கார்ந்தேன். உனக்கு எதிர்ல பலகைன்ற வார்த்தையைக்கூடச் சொல்ல மாட்டேன். கடைப்பலகை வாங்கணும்னாக்கூடக் "கட்டை"ன்னுதான் சொல்வேன். என் கழுத்து சுளுக்குன்னு நீயே தைலம் தேய்ச்சு விட்டிருக்கே! என்னை இப்படிக் கழுத்தை வளைச்சு உட்கார வச்சுட்டு நீ எதிர்ல நிம்மதியா வெத்தலை போட்டுக்கிட்டு இருந்திருக்கே. ஒரு கண்ணடிச்சிருந்தாக்கூடப் போதுமே. ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்தியிருப்போம். நான் தனியாக் காப்பாத்தினதாலதான் சிந்திட்டேன்.

சரி, கெட்டதைச் சரி பண்ணப் பார்த்தேன். பையன் வந்தப்போ பிடிச்சு நிறுத்தி, "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்தப் பலகை நாகூர்ல இருந்து கப்பல்ல வந்ததுதான், என் கண்ணால பார்த்தேன்"னேன். "ஆன்ட்டி, நீங்க பிறக்கிறதுக்கு நாப்பது வருஷம் முன்னாடி வந்த கப்பலை எப்படிப் பார்த்தீங்க"ன்னான். மாரியம்மன் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்னேன். சத்தியத்துக்கு ஃபாரத்துல இடம் இல்லையாம்.

அவன் ஒரு வழி சொல்லியிருக்கான். வரிசையாத்தான் முடியாது, தனித்தனி வீடா மூணு பேரும் மனு போடலாமாம். பொங்கல் முடிஞ்சு ஜனவரி பதினாறாம் தேதி மேலிடத்துக்கு அனுப்பக் கடைசியா வந்து பார்ப்பான். அதுவரைக்கும் வீட்டுல ஒரு ஆணி புதுசா அடிக்கக் கூடாது. புதுசா எதைக் கண்டாலும் "மாற்றப்பட்டது"ன்னு எழுதிடுவானாம், அப்புறம் அவ்வளவுதான். செல்லையா அண்ணன் காலண்டரைக்கூடக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.

சின்னத்தாய் வீடு தப்பிச்சிடும் போல. அதனால நீ அதை நினைச்சு அழாதே. என்னை நினைச்சு வேணும்னா அழு, கொஞ்சமா.

அவன் மறுபடி வரும்போது கப்பல் பேரு என்னன்னு கேட்பான் போல இருக்கு. உனக்கு ஏதாவது பேரு தெரியுமா? நல்ல பேரா ஒண்ணு எழுது.

புனிதம்


சுங்கை பஞ்சாங்
3 ஜனவரி 2025

புனிதம்,

கப்பலுக்குப் பெயர் வேண்டாம். முன்பு உண்மையைச் சொல்லிக் கெடுத்தாய். இப்போது பொய் சொல்லிக் கெடுக்காதே.

பலகையைக் கழற்றிவிட்டேன். பதினேழு யார் வீடு என்று கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். திருப்பி மாட்டலாம் என்றால் பாக் ஹுசின், வாசல் சட்டத்தை ஒரு பக்கம் சரித்து இழைத்திருக்கிறார்கள், திருப்பினால் உட்காராது என்கிறார். உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. எரிக்கவும் மனசு வரவில்லை.

அஸ்லாம் மீன் வேனில் கொண்டுவருவான். உன்னிடம் இருக்கட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதை மனசில் வைத்துக் காத்தவர்கள் உயிரோடு மூன்று பேர்தான், அதில் இரண்டு பேர் உன் வீட்டில் இருக்கிறீர்கள். இதை மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. அமானிதம். ஒரு முறை தவறவிட்ட கையில் மறுபடி வைக்கிறேன், அவ்வளவுதான்.

எதுவும் செய்ய வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போட்டு வை. ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் தம்பி வரும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். ஒரு வார்த்தை கூடாது. உன்னால் முடியாது என்று ஃபரா பந்தயம் கட்டியிருக்கிறாள். நான் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் இப்போது புது வாசனை. மழை பட்ட பலகையெல்லாம் உள்ளே வந்துவிட்டதால் ஹாலில் உட்கார்ந்தால் கடல் வாசனை அடிக்கிறது. வயலுக்கு நடுவில்.

சல்மா


குவாலா சிலாங்கூர்
19 ஜனவரி 2025

லாத்தா,

பலகை வந்து சேர்ந்துச்சு. இந்தத் தடவையும் மீன் நாத்தத்தோடதான் வந்துச்சு. அதுக்கு அதுதான் ராசி.

கட்டிலுக்கு அடியிலதான் வச்சேன். மூணு நாள் வச்சேன். தூங்க முடியலை. அடியில யாரோ படுத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. அடுப்பங்கரையில வச்சாப் புகை பிடிக்கும், பின்கட்டுல சாய்ச்சு வச்சாக் கரையான். முதல் பலகையைத் தின்ன கரையானுக்கு ரெண்டாவதையும் நானே பரிமாறணுமா? வாசலுக்கு மேல இருந்த பொருளு, அதை வாசலுக்கு மேலதான் வைக்கணும். முருகையாவை ஏணி கொண்டுவரச் சொன்னேன்.

"மூணு நாள் பொறு, அவன் வந்துட்டுப் போகட்டும்"னாரு. நியாயமாத்தான் சொன்னாரு. ஆனா ஒளிச்சு வச்சுட்டு அவன் போனப்புறம் எடுத்து மாட்டினா, உன் பொருளை நான் பார்த்து வெட்கப்பட்ட மாதிரி ஆகிடும்லா. மாட்டுங்கன்னேன். அவரு ஏணியைச் சாய்ச்சாரு. அப்புறம் சுத்தியலை எடுத்தாரு. நவம்பர்ல இருந்து அன்னைக்குத்தான் என்கிட்ட முகம் குடுத்து, "இந்தப் பக்கம் சரியா இருக்கா பாரு"ன்னு ஒரு வார்த்தை பேசினாரு. பொங்கலுக்கு முந்தின நாள். பூப்பக்கம் தெருவைப் பார்த்து இருக்கு. பதினேழு என் பக்கம். நீ உட்கார்ந்த மாதிரியே நானும் அதுக்கு நேரா நாற்காலி போட்டுக்கிட்டேன். கழுத்தை நிமிர்த்தித்தான் உட்கார்றேன்.

பதினாறாம் தேதி லிங்கேஸ்வரன் வந்தான். செல்லையா அண்ணன் வீடு பாஸ். சின்னத்தாய் வீடும் பாஸ், அவ அழுது அவன் சட்டையை நனைச்சுட்டா. உனக்கும் சேர்த்துத்தான் அழுதேன்னு சொல்லச் சொன்னா. அப்புறம் என் வாசலுக்கு வந்தான். மேலே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆன்ட்டி, இது முன்னாடி இங்க இல்லையே?"

நான் பேசலை.

"இது மூணாவது வீட்டுதுல்ல? யாரு குடுத்தா? அவங்களே குடுத்தாங்களா?"

நான் வடையைத் திருப்பிப் போட்டேன்.

"ஆன்ட்டி, இதைக் கழட்டிடுங்க, நான் பார்க்கலைன்னு வச்சுக்கிறேன். சொன்னாத்தானே தெரியும். ஏதாவது சொல்லுங்க ஆன்ட்டி."

நல்ல பையன் அவன். நாமதான் அவன் மூஞ்சியைக் குறை சொன்னோம். முருகையா உள்ள இருந்து, "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு தம்பி, பொறந்ததுல இருந்து இதுதான் முதல் தடவை"ன்னாரு. அவன் பெருமூச்சு விட்டுட்டு ஃபாரத்தை எடுத்து எழுதினான். என்ன எழுதினான்னு முருகையா பார்த்துத் தமிழ்ல சொன்னாரு. உன் தாள்ல இருந்த அதே வார்த்தைதான். மாற்றப்பட்ட வீடு, தகுதி இல்லை. அதுக்குக் கீழே தகவல் தந்தவர்னு ஒரு கோடு இருக்கும்ல? அதை வெறுமனே விட்டுட்டான்.

அந்தக் கோட்டைத்தான் லாத்தா, நான் உனக்குக் காட்டணும்னு நினைச்சேன்.

லைசன்ஸ் இந்த வருஷக் கடைசி வரைக்கும் இருக்கு. அதுக்கு அப்புறம் எழுப்பினா எழுப்பட்டும். உன் தச்சர் பாக் ஹுசின் இன்னும் வேலை எடுக்கிறாரான்னு மட்டும் கேட்டு வை. எங்க வீட்டுக்கு நான்தான் நம்பர் போடுவேன், அஸ்லாமை விட மாட்டேன்.

ஃபராகிட்ட சொல்லு, பந்தயத்துல அவ தோத்துட்டான்னு. கடைசி வரைக்கும் நான் வாயைத் திறக்கலை. அதுக்கு முருகையா சாட்சி. ஏன்னா, எழுதி முடிச்சதும் பையன் பலகையைப் படம் எடுக்கணும்னான். கீழே நின்னு எடுத்தா உயரம் பத்தலை. பக்கத்துல உன் சிமெண்டுப் படியைப் பார்த்தான். போனைப் பார்த்துக்கிட்டே, உன் வீடு இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு, பின்னாடியே ஒவ்வொண்ணா ஏறினான். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

எனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. ஆனா உனக்கு வாக்குக் குடுத்திருந்தேன்.

உன் வீடு இருந்த பள்ளத்துல மழைத்தண்ணி முழங்கால் அளவுதான் நிக்குது. போன் கிடைச்சிடுச்சு, துடைச்சுக் குடுத்தோம். பேனாவைக் குரங்கு எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

புனிதம்